பினாங்கு ஏன் புத்ராஜெயாவிடம் கை நீட்டுகிறது? தீவுகளின் காசுக் கணக்கு

கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியிலிருந்து தினமும் பாலம் ஏறிப் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்கு வரும் தம்பி ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: "பினாங்கில் இத்தனை தொழிற்சாலை இருந்தும் மாநில அரசு ஏன் எப்போது பார்த்தாலும் புத்ராஜெயாவிடம் கை நீட்டுகிறது? லாபுவான், அந்தமான், வெளிநாட்டுத் தீவுகள் எல்லாமே மத்திய அரசு காசில்தான் ஓடுகின்றன என்கிறார்கள். தீவு என்றாலே இப்படித்தானா? தனியாக விட்டிருந்தால் பினாங்கு இன்னொரு சிங்கப்பூர் ஆகியிருக்குமா?" கடைசியில் இன்னொரு சின்னக் கேள்வியும் உண்டு: பினாங்கு இன்னும் கெடாவுக்கு வாடகை கட்டுகிறதா? அதை முடிவில் பார்ப்போம்.

இத்தனை கேள்விக்கும் உள்ளே இருப்பது ஒன்றுதான். யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள்? தம்பி நேராக அப்படிக் கேட்கவில்லை, மரியாதைக்காகச் சுற்றி வந்திருக்கிறார்.

நான் 32 ஆண்டு அரசாங்கக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஊராட்சி மன்றம், அப்புறம் மாநில நிதிப் பிரிவு. இப்போது பட்டர்வொர்த்தில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குவதுதான் வேலை. நான் பொருளாதார நிபுணன் இல்லை. ஆனால் பட்ஜெட் புத்தகம் எப்படித் தயாராகிறது, மானியம் எந்த மாதம் வரும், வராவிட்டால் யார் யாருக்குப் போன் போடுவார்கள் என்பதெல்லாம் தெரியும். மலேசியாவைப் பற்றிச் சொல்வது கையால் தொட்டுப் பார்த்தது. வெளிநாட்டுத் தீவுகளைப் பற்றிச் சொல்வது படித்தது. அந்த வித்தியாசத்தோடு வாசியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். நம் நாட்டில் வருமான வரி, நிறுவன வரி, சுங்க வரி, கலால் வரி, விற்பனை சேவை வரி எல்லாம் கூட்டரசுக்கு, அதாவது புத்ராஜெயாவில் இருக்கும் மத்திய அரசுக்கு, உரியவை. நீங்கள் வேலை செய்யும் தொழிற்சாலை கோடிக்கணக்கில் லாபம் பார்த்தாலும் அதில் வரியாக ஒரு சென்கூடக் கொம்தாரில் இருக்கும் மாநில அரசுக்கு நேராகப் போகாது. மாநிலத்துக்கு என்னென்ன வருமானம் என்பதை அரசியலமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணை எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் முதல் வரி என்ன தெரியுமா? கள்ளுக்கடை வருமானம். சத்தியமாக. தோட்டத்துப் பாட்டாளி தமிழன் சாயங்காலம் குடித்த கள்ளுதான் ஒரு மாநிலத்தின் வருமானப் பட்டியலில் முதல் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு நிலம், சுரங்கம், காடு, சில உரிமக் கட்டணங்கள், கேளிக்கை வரி, தண்ணீர்க் கட்டணம், சொத்து வாடகை, கடைசியில் புதையல்கூட வருகிறது. பினாங்கில் ஈயச் சுரங்கம் கிடையாது, வெட்டி விற்கக் காடும் கிடையாது. கள்ளுக்கடைகளின் காலமும் முடிந்துபோனது. மிச்சம் இருப்பது நிலம் ஒன்றுதான்.

சரி, கூட்டரசு எடுத்துக்கொண்ட வரிக்குப் பதிலாக என்ன தருகிறது? அரசியலமைப்பே கட்டாயமாக்கும் மானியங்கள் முக்கியமாக இரண்டு: தலைக்கணக்கு மானியம், சாலை மானியம். தலைக்கணக்கு மானியத்தை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். முதல் ஒரு லட்சம் பேருக்கு ஆளுக்கு 72 ரிங்கிட், அடுத்த ஐந்து லட்சம் பேருக்கு 10.20, அதற்கடுத்த ஐந்து லட்சத்துக்கு 10.80, மிச்சமுள்ளவர்களுக்கு 11.40. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பினாங்கு மக்கள் 17 லட்சத்து 40 ஆயிரம் பேர். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 25 மில்லியன் ரிங்கிட் வருகிறது. ஆளுக்குப் 14 வெள்ளி சொச்சம். ஒரு நாசி கண்டார் தட்டில் கறி ஒரு துண்டு கூட வைத்தால் முடிந்துபோகும் காசு. வேறு மானியங்களும் உண்டு, மேம்பாட்டு நிதி தனி. ஆனால் சட்டத்தில் எழுதி உரிமையாக வருவது முக்கியமாக இதுவும் சாலை மானியமும்தான். மீதியெல்லாம் கேட்டு வாங்குவது.

சாலை மானியத்தைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் போக முடியாது. மாநிலச் சாலைகளின் நீளத்தை வைத்துத்தான் அந்தப் பணம் கணக்கிடப்படுகிறது. 'மாரிஸ்' என்று ஒரு சாலைப் பதிவேடு இருக்கிறது. அதில் ஏறிய சாலைக்குக் காசு உண்டு, ஏறாத சாலைக்குக் கிடையாது. நான் இளைஞனாக இருந்தபோது வேலை பார்த்த ஒரு மன்றத்தில், கம்போங் ஒன்றின் பின்பக்கச் சந்து பல ஆண்டுகளாகப் பதிவேட்டில் ஏறவே இல்லை. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். குடியிருப்பாளர்கள் மன்றத்துக்கு வந்து சத்தம் போடுவார்கள். நாங்கள் பாரம் நிரப்பி மேலே அனுப்புவோம், அளவு சரியில்லை என்று திரும்பி வரும். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் 200 மீட்டர் சந்துக்குத் தார் போட, 350 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் பதிவேட்டில் ஒரு வரி ஏற வேண்டியிருந்தது. சார்ந்திருப்பது என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தச் சந்துதான் ஞாபகம் வரும்.

மாநிலத்திடம் நிலம் ஒன்றுதான் இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா, அதன் விளைவு உங்கள் தொழிற்சாலை ஜன்னலிலிருந்தே தெரிந்தாலும் தெரியும். நில வரி, நிலம் மாற்றும்போது கட்டும் பிரிமியம், நில விற்பனை இவற்றால்தான் மாநில அரசு சொந்தமாகச் சம்பாதிக்க முடியும் என்றால், நிலம் தீர்ந்த தீவு என்ன செய்யும்? கடலை நிலமாக்கும். பினாங்குத் தீவு 300 சதுர கிலோமீட்டர்கூட இல்லை, அதில் பாதி மலை. தஞ்சோங் தோக்கோங், கர்னி டிரைவ், இப்போது தென்கரையில் சிலிக்கன் தீவு. தென்கரைத் திட்டத்தை முதலில் மூன்று தீவுகளாக வரைந்தார்கள், பிறகு ஒன்றாகக் குறைத்தார்கள். தொடக்கத்தில் அந்த நிலத்தை விற்று வரும் காசில்தான் எல்ஆர்டி (இலகு ரயில்) கட்டுவது என்று கணக்கு. மீனவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். 2024இல் எல்ஆர்டி செலவைக் கூட்டரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் கடலைத் தூர்க்கும் ஆசை பேராசைக்காரர்களின் வேலை மட்டும் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வருமான வரியில் பத்தில் ஒரு பங்கு மாநிலத்துக்குத் திரும்பி வந்திருந்தால், கடலைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டிய அவசரம் எங்கள் அலுவலகத்தில் இருந்திருக்காது.

இங்கே ஒரு சந்தேகத்தையும் போட்டு உடைக்க வேண்டும். "பினாங்கு இத்தனை பில்லியன் வரி கொடுக்கிறது, திரும்பி வருவது இவ்வளவுதான்" என்று மேடையில் பேசுவார்கள். பினாங்கில் வசூலாகும் வரி மிகப் பெரியது, திரும்பி வருவது அதில் சிறு பகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் 'பினாங்கில் வசூலானது' வேறு, 'பினாங்கு சம்பாதித்தது' வேறு. தொழிற்சாலை இங்கே இருக்கும், வரிக் கோப்பு கோலாலம்பூரில் இருக்கும். பட்டர்வொர்த் துறைமுகத்தில் சுங்க வரி கட்டிய சரக்கு பெர்லிஸிலும் கெடாவிலும் விற்பனையாகும். இன்னொன்று: முன்னோடி நிறுவனத் தகுதி வாங்கிய பெரிய மின்னணு நிறுவனங்கள் பல ஆண்டு வரியே கட்டாமல் சலுகையில் இருந்தவை. தம்பி போன்றவர்கள் கட்டும் வருமான வரி இருக்கிறதே, உழைப்பு பினாங்கில், வீடு கெடாவில். அதை எந்த மாநிலக் கணக்கில் எழுதுவது? இதற்கெல்லாம் ஒரே ஒரு சரியான எண்ணை யாராலும் எடுத்துக் காட்ட முடியாது. காட்டுபவரிடம் எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று கேளுங்கள்.

சரி, பினாங்கு எப்போதுமே இப்படித்தானா? வேடிக்கை என்னவென்றால், தொடக்கத்தில் இந்தத் தீவு உண்மையிலேயே அடுத்தவர் காசில்தான் வாழ்ந்தது. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் கொடி நட்டபோது வியாபாரிகளை இழுக்கச் சுங்கவரி இல்லாத துறைமுகம் என்று அறிவித்தார். வரி இல்லாவிட்டால் ஆட்சிக்குக் காசு ஏது? அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டு ஓட்டினார்கள். போதாததை வங்காளம் கொடுத்தது. 1796இல் அந்தமான் குடியேற்றத்தை மூடியபோது அங்கிருந்த கைதிகளையும் இங்கேதான் ஏற்றி அனுப்பினார்கள். ஆரம்பகாலச் சாலைகளில் இந்தியக் கைதிகளின் வியர்வை நிறைய. 1805இல் பினாங்கைச் சென்னை, பம்பாய், வங்காளத்துக்குச் சமமான நான்காவது மாகாணமாக உயர்த்தி, ஆளுநரையும் பெரிய அதிகாரிகள் கூட்டத்தையும் இறக்கினார்கள். கப்பல் கட்டும் தளமாகும் என்ற கனவு பலிக்கவில்லை. செலவு மட்டும் மாகாண அளவில் இருந்தது, வரவு ஒரு சந்தை அளவில். கடைசியில் 1830இல் மாகாணத் தகுதியையே பிடுங்கி, வங்காளத்தின் கீழ் சாதாரண ரெசிடென்சியாக்கிவிட்டார்கள். கல்கத்தாவின் கணக்கர் ஒருவர் பேரேட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அதற்கப்புறம் ஈயமும் ரப்பரும் இந்தத் துறைமுகம் வழியாகப் போன காலத்தில் பினாங்கு செழித்தது. ஆனால் அந்தச் செழிப்பும் ஒரு சலுகையின் மேல்தான் நின்றது. 1969இல் ஜார்ஜ்டவுனின் தீர்வையற்ற துறைமுகத் தகுதி போனதும் வியாபாரம் படுத்தது. அந்தக் காலகட்டத்தில் வேலையில்லாதோர் ஏறக்குறைய 15 விழுக்காடு. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தால் அது நல்ல வாரம் என்பார். 1969இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ, நேதன் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் 1970இல் கொடுத்த அறிக்கையைப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலைகளைத் தேடி வெளிநாடு வெளிநாடாகப் போனார். 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வளாகம். இன்டெல் அந்த ஆண்டே வந்தது. என் அக்கா அதே பகுதியில் ஒரு தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப் பார்த்துக் கம்பி ஒட்டும் வேலைக்குப் போனாள். வீட்டில் முதல் மாதச் சம்பளம் என்று பார்த்தது அவளுடையதுதான்.

இந்த இடத்தில் நிறையப் பேர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் வெற்றியில் கூட்டரசு கொடுத்த பணத்தைவிட, கூட்டரசு கொடுத்த சட்டம் பெரிது. சுங்கவரி இல்லாமல் பாகங்களை இறக்கி, முடித்து, ஏற்றுமதி செய்யலாம் என்ற 1971ஆம் ஆண்டுச் சட்டம் இல்லாமல் ஒரு தொழிற்சாலையும் வந்திருக்காது. மாநில அரசு நிலத்தைத் தயார் செய்தது, அலைந்து திரிந்து ஆட்களைப் பிடித்தது. சட்டமும் விமான நிலையமும் பிறகு 1985இல் திறந்த பாலமும் கூட்டரசுடையவை. ஆக, பினாங்கு தன் காலில் நின்றது என்பதும் பாதி உண்மை, புத்ராஜெயா தூக்கி விட்டது என்பதும் பாதி உண்மை. (1972இல் புத்ராஜெயாவே கிடையாது, கோலாலம்பூர் என்று திருத்திக்கொள்ளுங்கள்.)

லாபுவானைக் கேட்டிருக்கிறார் தம்பி. அதுதான் நம் நாட்டில் முழுக்க முழுக்க மத்திய அரசைச் சார்ந்த தீவு. 1984 ஏப்ரலில் சபா அதைக் கூட்டரசுக்கு ஒப்படைத்தது. 92 சதுர கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். சட்டமன்றம் கிடையாது, முதலமைச்சர் கிடையாது, ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். சொந்தமாக வரி போடும் அவையே இல்லாத இடம். ஆனால் ஆளுக்கான சராசரி உற்பத்தியைப் பாருங்கள்: பல ஆண்டுகளாகக் கோலாலம்பூருக்கு அடுத்த இடம் லாபுவானுக்கு, பினாங்கைவிட மேலே! எண்ணெய், எரிவாயு, கூடவே 1990இல் தொடங்கிய கடல்கடந்த நிதி மையம். லாபுவான் நிறுவனங்கள் வணிக லாபத்தில் 3 விழுக்காடு வரி கட்டினால் போதும். முன்பு அதற்குப் பதிலாக 20,000 ரிங்கிட் மொத்தமாகக் கட்டிவிட்டுப் போகும் வசதியும் இருந்தது. 2019இல் அதை எடுத்துவிட்டார்கள், அலுவலகமும் ஆட்களும் தீவிலேயே உண்மையாக இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த முடிவுக்கு லாபுவான் மீன் சந்தையில் நிற்பவர் ஒருவரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. 2021 ஜனவரி முதல் தீர்வையற்ற தீவுகளிலும் சிகரெட்டுக்கு வரி என்று வந்ததும் அப்படித்தான். லங்காவி, தியோமான், லாபுவான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு. பட்ஜெட்டில் எழுதிக் கொடுக்கும் பணம்தான் மானியம் என்று நினைக்காதீர்கள். வரிச்சலுகையும் மானியம்தான், பட்ஜெட் புத்தகத்தில் தனி வரியாகத் தெரியாது, அவ்வளவுதான்.

எதிர்த்திசையிலும் இப்படித் தெரியாத ஒன்று உண்டு. 1980இலிருந்து நம் நாட்டில் உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்ற மலேசியக் கப்பல்தான் வேண்டும் என்று விதி. கிள்ளானிலிருந்து கோத்தா கினபாலு போகும் சாமானுக்குக் கப்பல் கூலி ஏறுகிறது என்று சபாக்காரர்கள் பல்லாண்டு புலம்பினார்கள். 2017 ஜூனில் சபா, சரவாக், லாபுவானுக்கு விலக்குக் கொடுத்தார்கள். கூலி எவ்வளவு குறைந்தது என்பதில் இன்றும் சண்டை நடக்கிறது, ஏனென்றால் திரும்பும் கப்பல் காலியாக வந்தால் விதி எதுவானாலும் கூலி ஏறத்தான் செய்யும். அமெரிக்காவில் இதே மாதிரி 1920ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று புவெர்ட்டோ ரிக்கோவைக் கட்டிப் போட்டிருக்கிறது. மத்திய அரசு ஒரு கையால் கொடுப்பது செய்தியில் வரும். இன்னொரு கையால் விதியாக எடுப்பது அரிசி மூட்டை விலையில் கரைந்துவிடும்.

தீவு என்றாலே செலவு அதிகம் என்பதில் ஐயமில்லை. நம் பத்து மூசாங் படகுத்துறையிலிருந்து பூலாவ் அமானுக்குப் போய்ப் பாருங்கள். சில நூறு பேர் வாழும் இடம். படகுத்துறையை நூறு பேருக்குக் கட்டினாலும் ஆயிரம் பேருக்குக் கட்டினாலும் தூண் தூண்தான். தாதியைப் பாதியாக வெட்டி அனுப்ப முடியாது. பெருநிலத்தில் நாலு கம்போங் பங்கு போட்டுக்கொள்ளும் செலவைத் தீவு தனியாகச் சுமக்கிறது. அந்தமானும் அப்படித்தான். சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதி, லாபுவான் போலவே ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், செலவில் பெரும்பகுதி டெல்லியிலிருந்து. சென்னையிலிருந்து போகும் பயணிகள் கப்பலின் கட்டணத்தைக்கூட அரசுதான் தாங்குகிறது. அங்கே இருக்கும் தமிழர்களிடம் போய் நீங்கள் டெல்லியின் காசில் வாழ்கிறீர்கள் என்று சொன்னால், எங்களை இங்கே குடியேற்றியது யாருக்காக என்று திருப்பிக் கேட்பார்கள். கடல் எல்லைக்காக ஒரு நாடு தீவை வைத்திருந்தால், அங்கே மனிதர்கள் வாழ்வதற்கான செலவும் எல்லைக் காவலின் செலவுதானே.

நம்மவர்கள் வாழும் இரண்டு தீவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ரெயூனியனும் மொரிஷியஸும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இரண்டிலும் கரும்பு, இரண்டுக்கும் கூலியாகப் போன தமிழர்களின் வாரிசுகள், இரண்டிலும் தீமிதி. ரெயூனியன் 1946இல் பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆகிவிட்டது. மொரிஷியஸ் 1968இல் சுதந்திரம் வாங்கியது. இன்று ரெயூனியனில் ஆளுக்கான வருமானம் மொரிஷியஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாரிஸின் பணம் சம்பளமாக, ஓய்வூதியமாக, உதவித்தொகையாக வருகிறது. அரசு ஊழியருக்குப் பிரான்சில் கிடைக்கும் அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் 53 விழுக்காடு கூடுதல். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அரசு வேலைக்கு அந்தச் சம்பளம் என்றால், தனியார் ஒருவர் சட்டை தைக்கும் தொழிற்சாலை திறந்து மடகாஸ்கரோடும் மொரிஷியஸோடும் எப்படிப் போட்டி போடுவார்? விலைவாசி பெருநிலப் பிரான்சைத் தாண்டி நிற்கிறது, வேலையில்லாதோர் விகிதம் பிரான்சின் சராசரியைவிட மிக அதிகம். மொரிஷியஸைப் பற்றி 1961இல் ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார அறிஞர், பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கியவர், இந்தத் தீவு தேறாது என்ற தொனியில் எழுதினார். அவர்கள் 1970இல் ஏற்றுமதி வளாகச் சட்டம் கொண்டுவந்தார்கள். நம் பாயான் லெப்பாஸுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி ஆலை, சுற்றுலா, வங்கி என்று ஏறிவிட்டார்கள்.

ஆனால் உடனே மொரிஷியஸுக்குக் கை தட்டிவிட வேண்டாம். 1975 முதல் 2009 வரை அவர்களின் சர்க்கரையை, ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம் டன், உலகச் சந்தையைவிடக் கூடுதலான உத்தரவாத விலைக்கு ஐரோப்பா வாங்கியது. பெயர் ஒப்பந்தம், உள்ளே இருந்தது மானியம். இன்னொரு விஷயம்: மொரிஷியஸுக்கே ஒரு தீவு இருக்கிறது, ரோட்ரிக்ஸ். 2002இல் அதற்குத் தன்னாட்சி அவை கொடுத்தார்கள். பணம் மட்டும் இன்னும் மொரிஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்துதான். சார்ந்திருக்கும் தீவைப் பற்றி மொரிஷியஸ்காரரிடம் கேட்டால், பாரிஸ்காரர் ரெயூனியனைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவாராம்.

எந்த ஏற்பாடு நல்லது என்று கேட்டால், என் கணக்கர் மூளைக்குப் பிடித்தது கிரீன்லாந்தின் கணக்கு. டென்மார்க் ஆண்டுதோறும் ஒரு மொத்தத் தொகை கொடுக்கிறது. அது கிரீன்லாந்து அரசின் வரவில் ஏறக்குறைய பாதி. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் தொகை விலைவாசியோடு தானாக ஏறும். கனிமத்தில் ஆண்டுக்கு 75 மில்லியன் குரோனருக்கு மேல் வருமானம் வந்தால், அதற்கு மேற்பட்டதில் பாதி அளவு மானியம் குறையும். நியாயமான பேரம். யாருக்கும் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை, தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்று பார்த்துத் தொகை மாறாது. சந்துக்குத் தார் போட 350 கிலோமீட்டர் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது.

புவெர்ட்டோ ரிக்கோ இதற்கு நேர் மாறு. அமெரிக்க நிறுவனங்களுக்கு அங்கே இருந்த வரிச்சலுகையை 1996இல் தொடங்கிப் பத்து ஆண்டில் வாஷிங்டன் படிப்படியாக எடுத்துவிட்டது. மருந்துத் தொழிற்சாலைகள் கழன்றன. அரசு வரவு விழுந்த இடத்தைக் கடன் வாங்கி நிரப்பியது. அந்தக் கடன் பத்திரங்களின் வட்டிக்கு அமெரிக்கா முழுவதும் வரிவிலக்கு இருந்ததால் வாங்கவும் ஆள் குவிந்தது. 70 பில்லியன் டாலருக்கு மேல் கடன் சேர்ந்த பிறகு, 2016இல் வாஷிங்டன் ஒரு மேற்பார்வைக் குழுவை உட்கார வைத்தது. அதிபர் தேர்தலில் ஓட்டே இல்லாத மக்களின் பட்ஜெட்டை அவர்கள் தேர்ந்தெடுக்காத குழு வெட்டியது. நம் மாநிலங்கள் அப்படிக் கடனில் மூழ்க முடியாது. கூட்டரசிடமோ, கூட்டரசு ஒப்புக்கொண்ட வங்கியிடம் ஐந்து ஆண்டுக்கு மேற்படாமலோதான் கடன் வாங்கலாம் என்று அரசியலமைப்பு கையைக் கட்டியிருக்கிறது. வேலையில் இருந்தபோது அந்தக் கட்டை நான் திட்டியிருக்கிறேன். புவெர்ட்டோ ரிக்கோவைப் படித்த பிறகு திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன்.

இனி சிங்கப்பூர் கேள்வி. 1948இல் தொடங்கி, பினாங்கு மலாயாக் கூட்டமைப்பில் இருந்து விலக வேண்டும் என்று ஓர் இயக்கமே நடந்தது. வரியில்லாத் துறைமுகம் போய்விடுமோ என்ற பயம்தான் அதற்குப் பெரிய காரணம். 1949இல் இங்கிருந்த மன்றத்தில் தீர்மானம் தோற்றது, பிறகு லண்டனும் கைவிரித்தது. விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நடக்காததற்கு யாரும் கணக்கு எழுத முடியாது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று தண்ணீர். பினாங்கின் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆறு கெடாவின் உலு மூடா காட்டிலிருந்து வருகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகள் தீவுக்குப் போதாது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா நிலையத்தில் பழைய வால்வு மாற்றியபோது தீவுக்காரர்கள் வாளியும் கையுமாக நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். சிங்கப்பூருக்கும் ஜொகூர் தண்ணீர் வேண்டியிருந்தது, ஆனால் அவர்களிடம் கையெழுத்தான ஒப்பந்தம் இருந்தது, பிறகு கடல்நீரைச் சுத்திகரிக்கக் காசும் இருந்தது. பினாங்கு சிங்கப்பூராகியிருக்கலாம், அடிக்கடி கடனுக்கு அலையும் துறைமுக ஊராகவும் ஆகியிருக்கலாம். பந்தயம் கட்டச் சொன்னால் இரண்டாவதில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவேன். கோபப்படாதீர்கள்.

மாநில அரசு வசூலாகும் வரியில் 20 விழுக்காடு திரும்ப வேண்டும் என்று கேட்டு வருகிறது. கேட்பது நியாயம் என்பது என் கருத்து, ஆனால் விழுக்காட்டை விடச் சூத்திரம் முக்கியம். சபாவைப் பாருங்கள். அங்கே வசூலாகும் வரவில், 1963இன் அளவுக்கு மேற்பட்டதில் ஐந்தில் இரண்டு பங்கு சபாவுக்கு என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. எழுதியிருந்தும், பல பத்தாண்டுகள் ஆண்டுக்கு 26.7 மில்லியன் ரிங்கிட் என்ற ஒரே தொகைதான் போய்க்கொண்டிருந்தது. எழுதிய விதியே இந்தக் கதி என்றால், மேடைப் பேச்சில் கிடைக்கும் 20 எத்தனை நாள் நிற்கும்? பினாங்கு, கெடா, பெர்லிஸ் மூன்றும் சேர்ந்து கேட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம். தம்பியின் உழைப்பு இந்தக் கரையில், அவர் பிள்ளை படிக்கும் பள்ளி அந்தக் கரையில். பினாங்குக்கு மட்டும் 20 போனால் சுங்கைப் பட்டாணிச் சாலைக்கு யார் தார் போடுவது?

கடைசியாக அந்த வாடகை. 1791 ஒப்பந்தத்தில் தீவுக்காகக் கெடா சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று முடிவானது. 1800இல் எதிர்க்கரை நிலத்தையும், அதாவது இன்றைய செபராங் பிறையையும், சேர்த்து 10,000 ஆக்கினார்கள். அந்த 10,000 அப்படியே ரிங்கிட்டாகி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் மாறாமல் ஓடியது. 2018இலிருந்து 10 மில்லியன் ரிங்கிட். ஆனால் அதைக் கட்டுவது பினாங்கு மாநில அரசு இல்லை தம்பி, கூட்டரசு. ஆக, பினாங்கிலும் கெடாவிலும் மற்ற மாநிலங்களிலும் வசூலான வரியிலிருந்து, பினாங்குக்காக, கெடாவுக்குப் போகிறது. உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வருமான வரியில் ஒரு துளி அதிலும் இருக்கும்.